பழைய தொலைபேசி நிலையத்துக்காக ஒரு விருந்து

மார்ச் 4, திங்கள்

மணி இரண்டேகால். பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார்கள். பள்ளிக்கூடச் சமையலறையின் சாமான் அறையில், மாவு மூட்டைமேல் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்று நானூற்றுப் பத்துத் தட்டு. கேரட் மட்டும் மிஞ்சியது. கேரட் என்றைக்கு மிஞ்சாமல் இருந்திருக்கிறது?

சாப்பாட்டு நேரத்தில், இரண்டு கையிலும் கரண்டி இருக்கும்போது, ஓர் அம்மா வாசலில் வந்து நின்றார். ஒல்லியாக, கழுத்தில் மூக்குக் கண்ணாடி தொங்க. முன்பு பெரிய நூலகத்தில் தலைமை நூலகராக இருந்தவராம். இப்போது குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர். பத்து வருஷமாகப் பூட்டிக் கிடக்கும் பழைய தொலைபேசி நிலையத்தை வாங்கி, இருபத்துநாலு வீடுகளாகப் பிரித்து, சம்பளக்காரர்களுக்குக் கட்டுப்படியாகிற வாடகைக்கு விடப் போகிறார்கள். ஐந்தில் ஒரு பங்கை ஊர்க்காரர்கள் திரட்டினால் மீதியை வங்கி கொடுக்கும். மே பத்தாம் தேதி கெடு. அதற்காக ஏப்ரல் கடைசியில் ஒரு விருந்து, நம் பள்ளிக்கூட மாடிக் கூடத்தில்.

"நீங்கதான் சமைக்கணும்"னார்.

"எத்தனை பேருக்கு?"

"எட்டுப் பேர் உட்கார்ற மேஜை இருபத்துநாலு. ஒரு வீட்டுக்கு ஒரு மேஜைன்னு வச்சுக்குங்க. ஒரு மேஜை நிறைஞ்சா ஒரு வீட்டுக்குச் சமையலறை வந்துருச்சுன்னு அர்த்தம்."

எனக்கு அந்தக் கணக்கு பிடித்துவிட்டது. சரி என்று சொல்லிவிட்டேன்.

ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அந்த இருபத்துநாலு வீட்டுக்கான பட்டியலில் பதினெட்டாவதாக இருப்பது நாங்கள்தான். மனு என் வீட்டுக்காரர் பெயரில் இருக்கிறது, அந்த அம்மாவுக்குத் தெரிய வழியில்லை.

ஏன் சொல்லவில்லை? தெரியவில்லை. வாய் வரவில்லை.

மார்ச் 5, செவ்வாய்

வீட்டில் சொன்னேன். எங்களோடு இருக்கிற நாத்தனார், இவருடைய அக்கா, சொன்னது: "நம்ம வீட்டுக்கு நாமளே கல்யாணச் சாப்பாடு போடறதை இப்பத்தாம்மா பார்க்கறேன்."

மார்ச் 11, திங்கள்

முதல் கூட்டம். மருந்துக்கடைக்காரரின் கடைக்குப் பின்னால், இருமல் மருந்துப் பெட்டிகளுக்கு நடுவே நாலு நாற்காலி. செயலாளர் அம்மா, மருந்துக்கடைக்காரர், நான். நாலாவது ஆள் விருந்தைத் தொகுத்து வழங்கப் போகிறவர். கூட்டம் என்று எங்கே நடந்தாலும் ஒலிபெருக்கியை இவர்தான் பிடிப்பார், விடமாட்டார். மைக்காரர் என்றுதான் ஊரே சொல்கிறது. நாலு பேர் இருக்கிற அறையிலும் நாலாயிரம் பேர் இருப்பதுபோலத்தான் பேசுகிறார்.

சாப்பாடு முடிவாகிவிட்டது. தக்காளி சூப், சோறு, கோழி, பருப்பு, இரண்டு காய், கடைசியில் ஆரஞ்சு கேக். மைக்காரர் ஏழு வகை இனிப்பு வேண்டும் என்றார். "நீங்க பேசி முடிக்கறதுக்குள்ள எல்லாம் கெட்டுப் போயிரும்"னு செயலாளர் அம்மா ரொம்ப மரியாதையாகச் சொன்னார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அப்புறம் மைக்காரர் சொன்னார், "பட்டியல்ல இருக்கற ரெண்டு குடும்பத்தை மேடையில ஏத்தி அவங்க கஷ்டத்தைச் சொல்ல வைக்கணும். ஜனங்க அழணும். அழுதாத்தான் பைக்குள்ள கை போகும்."

செயலாளர் அம்மா யோசித்தார். "அழறதெல்லாம் வேண்டாம். ஆனா யாருக்காக இந்த வீடுன்னு தெரியறது நல்லதுதான். நான் நேர்ல போய்ப் பார்த்துக் கேட்கறேன்."

நான் மருந்துப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். இப்போதாவது சொல்லியிருக்கலாம். வெட்கமா? வெட்கம் எதற்கு? நானும் சம்பாதிக்கிறேன், இவரும் சம்பாதிக்கிறார். திருடவில்லை, கை நீட்டவில்லை. ஆனால் அந்த அறையில் நான் சமையல் தெரிந்தவளாக உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறந்தால் அந்த நிமிஷமே பட்டியலில் இருக்கிறவள் ஆகிவிடுவேன் என்று பட்டது.

மார்ச் 19, செவ்வாய்

வீட்டுச் சொந்தக்காரர் வந்தார். கீழே டயர் கடை, மேலே நாங்கள். அடுத்த வருஷம் பாதியில் கட்டடத்தை இடித்துவிட்டு கார் நிறுத்துமிடம் கட்டப் போகிறாராம். நல்ல மனிதர்தான், முன்கூட்டியே சொல்கிறார். "அடுத்த வருஷம் ஆகஸ்ட்டுக்குள்ள வேற வீடு பார்த்துக்குங்க"ன்னார்.

எங்கே பார்ப்பது? எங்கள் இரண்டு பேர் சம்பளத்துக்கு இந்த ஊரில் இரண்டு அறைதான் கிடைக்கும். அதுவும் இந்த விலைக்கு இனி இல்லை. ஊருக்கு வெளியே போனால் வீடு உண்டு, இரண்டு பஸ் மாறி வர வேண்டும். நான் காலை ஆறு மணிக்கு அடுப்பு பற்ற வைக்க வேண்டும். இவருக்கு எந்த நேரத்தில் எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றாலும் ஓட வேண்டும். நாத்தனாருக்கு ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் அதிகாலை முறை. மகளுக்குப் பள்ளிக் கடைசி வருஷம்.

மகள் சாப்பாட்டு மேஜையில் படிக்கிறாள். அதே மேஜையில் நாத்தனார் துணி மடிக்கிறாள், நான் காய் நறுக்குகிறேன். அவளுடைய வேதியியல் புத்தகத்தில் வெங்காயத் தோல் இருந்தது. எடுத்துப் போட்டுவிட்டுப் படித்தாள்.

மார்ச் 24, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

பத்து மணிக்குக் கதவு தட்டும் சத்தம். திறந்தேன். செயலாளர் அம்மா. கையில் பட்டியல். மூச்சு வாங்க மாடி ஏறி வந்திருக்கிறார்.

"பதினெட்டாம் நம்பர் வீடு இது..." என்று ஆரம்பித்தவர் என்னைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். "நீங்களா?"

"நாங்கதான் மேடம்."

கட்டிலில் இருந்த துணியை ஒதுக்கி உட்கார வைத்தேன். இவர் பனியனோடு இருந்தார், சட்டையைத் தேடினார், சட்டை நான் ஒதுக்கின துணிக்கு அடியில். நாத்தனார் மட்டும் அசரவில்லை. தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டு, "சுவத்துல சாயாதீங்கம்மா, ஈரம். உங்க நல்ல புடவை"ன்னாள்.

செயலாளர் அம்மா எதையும் சுற்றிச் சுற்றிப் பார்க்கவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். கிளம்பும்போதுதான் தயங்கித் தயங்கி இவரிடம் கேட்டார். விருந்தில் இரண்டு நிமிஷம் பேச முடியுமா, நீங்களோ உங்க மனைவியோ, கட்டாயம் ஒன்றும் இல்லை.

இவர் "முடியாதுங்க"ன்னார். அவ்வளவுதான். மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் அந்தக் குரல் எனக்குத் தெரியும்.

மார்ச் 25, திங்கள்

நேற்று செயலாளர் அம்மா போன பிறகு இவர் வெடித்தார்.

"உனக்குத் தெரிஞ்சுதானே இந்தச் சமையலுக்குச் சம்மதிச்சே? மேடையில ஏத்தி, பாருங்க இவங்க எப்படி இருக்காங்கன்னு காட்டப் போறாங்கன்னு?"

தெரியாதுங்க, சத்தியமா தெரியாது.

"இருபத்தஞ்சு வருஷமா இந்த ஊரையே மேலயும் கீழயும் ஏத்தி இறக்கறேன். என்னைப் பார்த்து உச்சுக் கொட்டச் சொல்றியா?"

நான் என்ன சொன்னேன்? ஒண்ணும் சொல்லல. சமைக்கறேன்னு சொன்னேன், அது ஒரு குத்தமா? வீடு வேணும்னு மனுப் போட்டப்போ நீங்களும்தானே கையெழுத்துப் போட்டீங்க? இதெல்லாம் அவர்கிட்ட சொல்லியிருக்கணும். இங்க எழுதிட்டு இருக்கேன்.

இன்று காலை பேசாமலேயே வேலைக்குப் போனார். தேநீர் மட்டும் குடித்தார்.

மார்ச் 28, வியாழன்

செயலாளர் அம்மா வீட்டுக்குப் போனேன். சமையலில் இருந்து விலகிக்கொள்கிறேன் என்று சொல்லத்தான் போனேன். பட்டியலில் இருக்கிறவளே சமைத்தால் நாளைக்கு நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். சூப் ஊத்தி வீடு வாங்கிட்டான்னு சொல்வாங்க.

அவர் பட்டியலை எடுத்துக் காட்டினார். "இது மனு வந்த தேதி வரிசை. மூணு பேர் கையெழுத்துப் போட்டுப் பூட்டி வச்சாச்சு. நீங்க சமைச்சாலும் பதினெட்டு, சமைக்காட்டாலும் பதினெட்டு. சூப்பைத் தீய விட்டாக்கூடப் பதினெட்டுதான்."

சிரித்துவிட்டேன்.

"உங்க வீட்டுக்காரர்கிட்ட நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது"ன்னார். "அன்னிக்கு மாடிப்படி இறங்கும்போதே தெரிஞ்சுது. யார் வீட்டுக்கும் போய் இனிமே கேட்க மாட்டேன். மேடையில யாரும் ஏற வேண்டாம்."

"அப்ப மைக்காரர்?"

"அவர் எப்படியும் ஏறுவார். அதை யாராலும் தடுக்க முடியாது."

சமைக்கிறேன்.

ஏப்ரல் 3, புதன்

மூன்று மேஜைதான் நிறைந்திருக்கிறது. மூன்று சமையலறை.

ஏப்ரல் 9, செவ்வாய்

பள்ளிக்கூடத்திலேயே சூப்பை ஒத்திகை பார்த்தேன். நானூறு பிள்ளைகளுக்குத் தக்காளி சூப். தக்காளியை முதலில் ஓவனில் சுட்டுவிட்டு அரைத்தால் புளிப்பு அடங்குகிறது. முதல் வகுப்புப் பெண் ஒருத்தி மூன்றாவது தடவை கிண்ணத்தை நீட்டினாள். போதும், இதைவிடப் பெரிய சான்றிதழ் வேண்டாம்.

நாத்தனார் ஒரு காரியம் செய்திருக்கிறாள். சலவைப் பிரிவில் வேலை செய்கிற பெண்கள் எட்டுப் பேரும் சேர்ந்து ஒரு மேஜை எடுத்திருக்கிறார்கள். மாதத் தவணையில்!

"அண்ணி, அவங்களுக்கே வீடு கிடையாதே!"

"அதுக்கென்ன? எட்டுப் பேரும் எத்தனை வருஷமா அடுத்தவங்க படுக்கை விரிப்பைத் துவைக்கறோம். ஒரு நாள் விரிப்புப் போட்ட மேஜையில உட்கார்ந்து சாப்பிட வேண்டாமா?"

அதோடு நிற்கவில்லை. இருபத்துநாலு மேஜைக்கும் விரிப்பைத் துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டுத் தருவது அவர்கள் பொறுப்பாம். மேலதிகாரியிடம் அனுமதியும் வாங்கிவிட்டாள்.

இப்போது பதினோரு மேஜை.

இவர் பேச ஆரம்பித்துவிட்டார். ஆனால் விருந்தைப் பற்றிப் பேசுவதில்லை. விருந்து என்கிற வார்த்தை வந்தால் எழுந்து போய்ச் செருப்பைச் சரி செய்கிறார். எங்கள் வீட்டில் இப்போது செருப்புகள் எல்லாம் நல்ல நிலைமையில் இருக்கின்றன.

ஏப்ரல் 20, சனி

பத்தொன்பது. மருந்துக்கடைக்காரர் மருந்து வாங்க வருகிறவர்கள் யாரையும் விடுவதில்லையாம். "வயித்து வலின்னு போனேன், விருந்துக்குச் சீட்டு குடுத்து அனுப்பிட்டார்"னு எங்கள் பள்ளிக்கூட எழுத்தர் சொன்னார்.

இவரிடம் கேட்டேன். "நீங்க சும்மா வந்து உட்கார்ந்தாப் போதும்."

"அன்னிக்கு எனக்கு வேலை இருக்கு."

இல்லை. அந்தச் சனிக்கிழமை அவருக்கு விடுமுறை. வீட்டுக் காலண்டரில் அவரே வட்டம் போட்டு வைத்திருக்கிறார்.

ஏப்ரல் 26, வெள்ளி

இருபத்துமூன்று மேஜை. ஒன்றுதான் பாக்கி. நாற்பது கிலோ தக்காளி வந்து இறங்கியது. என்னோடு வேலை செய்கிற இரண்டு பேரும், காய் நறுக்குகிறவளும் பாத்திரம் பார்க்கிற அக்காவும், சம்பளம் வேண்டாம், நாளைக்கு வருகிறோம் என்றார்கள். மூன்று பேரும் வெங்காயம் உரித்துக்கொண்டே பழைய பாட்டெல்லாம் பாடினோம். பாத்திர அக்காவுக்கு இவ்வளவு நல்ல குரல் என்று ஒன்பது வருஷமாகத் தெரியாமல் போயிற்று. மனசு நிறைவாக இருக்கிறது. கண்தான் எரிகிறது.

ஏப்ரல் 28, ஞாயிறு

கால் வீங்கிவிட்டது. தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நேற்று நடந்ததை ஒன்று விடாமல் எழுத வேண்டும்.

ஐந்து மணிக்கு மாடிக் கூடத்தைப் போய்ப் பார்த்தேன். வெள்ளை விரிப்புகள் ஒரு சுருக்கம் இல்லாமல். நாத்தனாரும் அவள் கூட்டாளிகளும் ஒவ்வொரு மேஜையாகக் கையால் நீவிக்கொண்டு இருந்தார்கள். கடைசி மேஜையையும் மதியமே யாரோ எடுத்துவிட்டார்கள். இருபத்துநாலு.

ஆறரைக்கு ஜனங்கள் உட்கார்ந்தாயிற்று. சமையலறை கீழே, கூடம் மேலே. நடுவில் சாப்பாட்டு லிஃப்ட். அலமாரி அளவுக்கு ஒரு பெட்டி, பாத்திரத்தை வைத்துப் பொத்தானை அழுத்தினால் மேலே பரிமாறும் மேடைக்குப் போய்விடும். இரண்டு பெரிய சூப் பாத்திரத்தையும் ஒன்றாக ஏற்றினேன். அவசரம். ஒவ்வொன்றாக அனுப்பியிருக்க வேண்டும், எனக்குத் தெரியும், தெரிந்தும் செய்தேன். உர்ர்ர் என்று பாதி தூரம் போய் நின்றுவிட்டது.

மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. நூற்றுத் தொண்ணூற்று இரண்டு பேருக்கான சூப் சுவருக்குள்ளே.

மேலே இருந்து மைக்காரர் குரல்: "இதோ... சுடச்சுட... வந்துகொண்டே இருக்கிறது!" ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் அதையே சொன்னார். காய் நறுக்குகிறவள் கையைப் பிசைந்தாள். லிஃப்ட் கம்பெனிக்குப் போன் செய்தால் திங்கட்கிழமை ஆள் வருமாம்.

எனக்கு வேறு எந்த லிஃப்ட் மெக்கானிக்கைத் தெரியும்?

போன் செய்தேன். எடுத்தார். வணக்கம், சமாதானம் ஒன்றும் இல்லை. சொன்னேன்.

"டக்குனு நின்னுச்சா, உறுமிட்டு நின்னுச்சா?"

"உறுமிட்டு."

"உள்ள எவ்வளவு எடை?"

சொன்னேன். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன்.

"பொத்தானை யாரும் திரும்ப அழுத்தாதீங்க. கதவையும் திறக்காதீங்க. வரேன்."

கால் மணி நேரத்தில் பின்வாசலில் சைக்கிள் மணி. வீட்டில் போட்டிருந்த கட்டம் போட்ட சட்டை, தோளில் கருவிப் பை. யார் முகத்தையும் பார்க்காமல் நேராக மின்சாரப் பெட்டிக்குப் போய் இணைப்பைத் துண்டித்தார். மோட்டார் மூடியைக் கழற்றினார், கையால் சுற்றுகிற கைப்பிடியை மாட்டினார், சுற்ற ஆரம்பித்தார். நாலு விரல் ஏறும், நிறுத்துவார், காது கொடுப்பார். மறுபடியும் நாலு விரல். அவர் வேலை செய்வதை இவ்வளவு கிட்டத்தில் நின்று நான் பார்த்ததே இல்லை. இத்தனை வருஷத்தில் ஒரு தரம்கூட. எவ்வளவு நிதானம்! வீட்டில் சட்டைப் பொத்தான் கிடைக்காவிட்டால் அந்தக் கத்துக் கத்துகிற மனிதர்.

மேலே பெட்டி திறந்ததும் நாத்தனார் கூவியது கீழே கேட்டது: "ஒரு சொட்டுக்கூடச் சிந்தலடா தம்பி!"

கூடம் முழுக்கக் கை தட்டியது. சூப்புக்கு இவ்வளவு கைதட்டல் எங்கேயாவது உண்டா?

"நீங்க மேல போய் உட்காருங்க"ன்னேன்.

"கோழி ஏத்தணும், சோறு ஏத்தணும். மோட்டார் இன்னிக்குத் தாங்காது. நான் கையால ஏத்தறேன். ஒண்ணொண்ணா வை." அந்த 'ஒண்ணொண்ணா'வில் கொஞ்சம் அழுத்தம். வாங்கிக்கொண்டேன்.

எல்லாம் போயிற்று. கேக் மட்டும் பாக்கி. அப்போது மேலே வரச் சொல்லிக் கூப்பிட்டார்கள். சமைத்தவர்களுக்கு நன்றி சொல்வார்களாம். சமையல் மேலங்கியைக்கூடக் கழற்றாமல் போய் நின்றேன். மைக்காரர் பேசிக்கொண்டு இருந்தார். தலைக்குமேல் கூரையில்லாத பாவப்பட்ட ஏழைகள், அவர்கள் கண்ணீர், நாம் துடைக்க வேண்டிய கண்ணீர். அப்புறம் என்னைக் கையால் காட்டி, "இந்தத் தாயைப் பாருங்கள்! யாரோ முகம் தெரியாத ஏழைகளுக்காகச் சம்பளம் இல்லாமல் உழைத்திருக்கிறார்!"

எனக்கு என்ன ஆயிற்று என்று இப்போதும் தெரியவில்லை. கையை நீட்டினேன். அவர் ஒலிபெருக்கியைக் கொடுத்துவிட்டார். அவர் வாழ்நாளிலேயே இதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"அந்த ஏழை நான்தாங்க"ன்னேன். "பதினெட்டாம் நம்பர்."

நான் பேசினதை நினைவு இருக்கிற மட்டும் எழுதுகிறேன்.

"எங்களுக்குக் கூரை இருக்குங்க. ரெண்டு அறை. அடுத்த வருஷம் இடிக்கப் போறாங்க. நாங்க யாரும் அழல. அழறதுக்கு எங்க நேரம்? காலைல ஆறு மணிக்கு உங்க பிள்ளைங்களுக்கு அடுப்பு பத்த வைக்கணும். நீங்க கை வச்சிருக்கற அந்த விரிப்பு, அதைத் துவைச்சவங்க அஞ்சாவது மேஜையில உட்கார்ந்திருக்காங்க, அவங்களும் அழல, நல்லாச் சாப்பிட்டுட்டு இருக்காங்க. என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். இப்பக் கீழ நின்னு கையால சுத்தி உங்க சாப்பாட்டை ஏத்திட்டு இருக்கார். அவர் இல்லேன்னா நீங்க இன்னும் வெறும் கிண்ணத்தைத்தான் பார்த்துட்டு இருப்பீங்க. எங்க எல்லாருக்கும் வேலை இருக்கு. மாசாமாசம் வாடகை குடுப்போம். எங்க சம்பளத்துக்கு இந்த ஊர்ல வீடு இல்ல, அதுதான் விஷயம். ஊருக்கு வெளிய போயிட்டா என்ன ஆகும்? ஒண்ணும் ஆகாது. காலைல ரெண்டு பஸ் மாறி வருவோம். பஸ் தாமதமானா உங்க பிள்ளைக்குச் சாப்பாடும் தாமதமாகும், அவ்வளவுதான். பக்கத்துலயே இருந்துக்கறோமே. கேக் இருக்கு, இப்ப வரும்."

ஒலிபெருக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் படி இறங்கினேன். பின்னால் கைதட்டல் கேட்டது. முதலில் ஐந்தாவது மேஜையில் இருந்து, அப்புறம் எல்லா இடத்தில் இருந்தும். திரும்பிப் பார்க்கவில்லை. பயம். மேடையில் யாரும் ஏற வேண்டாம் என்று முடிவான பிறகு, நானே ஏறி, அவரையும் இழுத்துவிட்டேனே! கீழே அந்த முகத்தை எப்படிப் பார்ப்பேன்?

இவர் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றிருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"கேக்கை வை"ன்னார். வைத்தேன். சுற்றினார்.

எல்லாம் முடிந்து பாத்திரம் கழுவும்போது, மிஞ்சின சூப்பை ஒரு கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தேன். முக்காலியில் உட்கார்ந்து குடித்தார்.

"நீ பேசினது அந்த லிஃப்ட் பொந்து வழியா அப்படியே கீழ கேட்டுச்சு"ன்னார். "பக்கத்துல நின்னு பேசின மாதிரி."

நான் பாத்திரத்தைத் தேய்த்தேன்.

"நான் முடியாதுன்னு சொன்னது வேற, நீ பேசினது வேற."

"கோபமா?"

இன்னொரு வாய் குடித்தார். "சூப்புல உப்பு கொஞ்சம் கம்மி."

இருபத்திரண்டு வருஷமாகக் குடும்பம் நடத்துகிறேன். இவருக்கு மனசு குளிர்ந்திருந்தால்தான் உப்பைப் பற்றிப் பேசுவார். உப்பு சரியாகத்தான் இருந்தது.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டே இரண்டு பேரும் நடந்து வந்தோம்.

ஏப்ரல் 29, திங்கள்

மருந்துக்கடைக்காரர் பள்ளிக்கூடத்துக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். சனிக்கிழமை சாப்பிட்டவர்களில் பலர் திரும்ப வந்து தங்கள் பங்காகப் பணம் எழுதியிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்துப் பெற்றோர் சங்கமும் தனியாகச் சேர்ந்துகொண்டது. மைக்காரர் ஊர் முழுக்க, "அந்தம்மாவைப் பேச வச்சதே நான்தான்" என்று சொல்கிறாராம். சொல்லட்டும். ஒருவகையில் உண்மைதான்.

மே 10, வெள்ளி

செயலாளர் அம்மா பன்னிரண்டு மணிக்கு வந்தார். பிள்ளைகளோடு வரிசையில் நின்று தட்டு வாங்கி, சின்ன நாற்காலியில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து சாப்பிட்டார். கேரட் உட்பட எல்லாவற்றையும். தட்டைக் கொண்டுவந்து கொடுக்கும்போது சொன்னார்:

"இன்னிக்குக் காலைல பத்தரைக்கு வங்கியில கையெழுத்தாச்சு."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். என் கை முழுக்க எண்ணெய். அவர் விடவில்லை.

செப்டம்பர் 14, சனி

இன்றைக்கும் இவர் தொலைபேசி நிலையத்துக்குப் போய்விட்டார். வேலை ஆரம்பித்ததில் இருந்து விடுமுறை நாள் எல்லாம் அங்கேதான். செயலாளர் அம்மா, லிஃப்ட் விஷயத்தில் எங்களுக்கு ஒன்றும் தெரியாது, நீங்கள் பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார். வேறு எப்படிக் கேட்டிருந்தாலும் போயிருக்க மாட்டார். விலைப்பட்டியல் கொண்டுவந்த லிஃப்ட் ஆளைக் கேள்வி கேட்டே விரட்டிவிட்டாராம். இரண்டாவதாக வந்தவர் நல்ல சாமான் கொடுக்கச் சம்மதித்திருக்கிறார்.

"அந்த லிஃப்ட்ல எங்கண்ணி கால் வலியோட ஏறுவா, இன்னொரு வீட்டுல நிறைமாசப் பொண்ணு ஏறும், அது பாதியில நிக்கக் கூடாதுன்னு சொன்னேன்"ன்னார். அண்ணி என்று அவர் சொன்னது அவருடைய சொந்த அக்காவை. என் வாயில் கேட்டுக் கேட்டு அவருக்கும் அப்படியே வருகிறது. நாத்தனார் அரை நாள் சிரித்தாள்.

பிப்ரவரி 2, ஞாயிறு

ஜன்னல் எல்லாம் மாட்டிவிட்டார்கள். தெருவில் நின்று அண்ணாந்து பார்த்து, எது நம்முடையது என்று நாலு பேரும் நாலு ஜன்னலைக் காட்டினோம்.

ஜூலை 6, ஞாயிறு

குடி வந்துவிட்டோம். மூன்றாவது மாடி. மூன்று அறை, சமையலறை தனி. சாமான் ஏற்றின வண்டி ஒரே நடையில் முடிந்தது. வீடு பாதி காலியாகக் கிடக்கிறது. நாத்தனார் ஒவ்வொரு சுவராகப் போய் முதுகைச் சாய்த்துப் பார்த்தாள். "காய்ஞ்சிருக்கு"ன்னாள். இவர் சாமான் இறங்கியதும் லிஃப்டில் நாலு தரம் போய் வந்தார். காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே.

எழுத நேரம் இல்லை. நாளை ஆறு மணிக்கு அடுப்பு. நடந்தே போகலாம்.

ஜூலை 20, ஞாயிறு

மதியம் பழம் நறுக்கி மகளுக்குக் கொண்டுபோனேன். அறைக் கதவு சாத்தியிருந்தது. தள்ளப் போன கை அப்படியே நின்றது. அவளுக்குப் பதினெட்டு வயசு. அவளுடைய அறை.

தட்டினேன்.

"யாரு?"

எனக்குச் சிரிப்பு வந்தது. யாராக இருக்கும்? "உங்கம்மாதான். உள்ள வரலாமா?"

உள்ளே நாற்காலி நகர்ந்தது. ஏதோ புத்தகம் மூடும் சத்தம்.

"ஒரு நிமிஷம்மா."

சரி என்று தட்டைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றேன். ஒரு நிமிஷம் இல்லை, இரண்டு நிமிஷம் இருக்கும். எனக்கு ஒன்றும் அவசரம் இல்லை.